அல்லி ராணிக் கோட்டையைக் கட்டியது யார்?

 

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். கடலோர மேட்டில் இடிந்த செங்கல் சுவர்கள், பருத்த தூண்கள், கீழே அலை மோதுகிறது. பின்னணியில் உறுமி மேளம். "ஆண் வாடையே படாத பெண்கள் படையின் புனிதக் கோட்டை! பாம்பாக உருமாறி அர்ஜுனன் நுழைந்த அந்தப்புரம்! ஐயாயிரம் ஆண்டுப் பழமை!" என்று ஒரு குரல் முழங்குகிறது. கடைசியில், தமிழன் என்றால் பகிர வேண்டுமாம். அதன் கீழே அவன் கேட்டிருந்தான்: "டீச்சர், இது நிஜமா? ஏழாம் வகுப்பில் நீங்கள் இதைச் சொல்லவே இல்லையே?"

அவனுக்கு இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போய்விட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருமே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் இங்கேயே போடுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் இடம். அது இலங்கையில் மன்னார்த் தீவுக்குத் தெற்கே இருக்கும் அரிப்பு என்ற கடற்கரை ஊர். பக்கத்து ஊர் சிலாவத்துறை. அட்லஸை எடுத்துத் தூத்துக்குடியில் ஒரு அடிக்கோலை வைத்து நேர் கிழக்கே கோடு போடுங்கள். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் கோடு அரிப்புக்குப் பக்கத்தில்தான் கரையேறும். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. மன்னார் வளைகுடாவுக்கு நாம் மேற்குக் கரை, அவர்கள் கிழக்குக் கரை. நடுவில் இருந்தது முத்து.

அரிப்பில் இரண்டு இடிபாடுகள் உண்டு. காணொளிக்காரர்கள் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். ஒன்று, போர்ச்சுக்கீசியர் கட்டி டச்சுக்காரர் கைக்குப் போன சிறிய கோட்டை. கண்டி அரசனிடம் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1679 அக்டோபரில் காட்டு வழியாகத் தப்பி வந்து சேர்ந்தது இந்த டச்சுக் கோட்டைக்குத்தான். இரண்டு ஆண்டு கழித்து அவர் வெளியிட்ட புத்தகம்தான் இலங்கையைப் பற்றி ஐரோப்பாவில் பேர்பெற்ற முதல் ஆங்கில நூல்களில் ஒன்று.

இன்னொன்று, கடலை ஒட்டிய மேட்டில் இருக்கும் கட்டடம். அதைத்தான் ஊர்மக்கள் அல்லி ராணிக் கோட்டை என்கிறார்கள். காணொளியில் நீங்கள் பார்க்கும் தூண்கள் அதனுடையவை.

அதைக் கட்டியவர் பெயர், கட்டிய ஆண்டு, கட்டிய காரணம் எல்லாம் எழுத்தில் இருக்கிறது. கட்டியவர் பிரெடெரிக் நார்த். இலங்கையின் முதல் பிரிட்டிஷ் கவர்னர், 1798 முதல் 1805 வரை. அமெரிக்க விடுதலைப் போர்ப் பாடத்தில் இங்கிலாந்துப் பிரதமர் நார்த் பிரபு என்று ஒருவர் வருவார், நினைவிருக்கிறதா? அவருடைய மகன்தான் இவர். 1801-க்கும் 1804-க்கும் இடையில், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு, மாடியோடு எழுப்பிய மாளிகை அது. முத்துக் குளிக்கும் காலத்தில் கவர்னர் வந்து தங்கவும், மாடியிலிருந்து படகுகளைக் கண்காணிக்கவும்.

இலங்கைக் காட்டோரத்தில் கிரேக்கக் கோயில் தூண் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நார்த் கிரேக்க நாட்டின் மேல் தீராத பற்று உள்ளவர். 1791-இலேயே கிரேக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். பின்னாளில் 1824-இல் கோர்பு தீவில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியதும் அவர்தான். அந்தப் பற்றுதான் அரிப்பில் தூணாக நிற்கிறது. கிரேக்கத் தூண்களில் டோரிக் என்று ஒரு வகை உண்டு. அதனால் வெள்ளைக்காரர்கள் அந்த மாளிகையையே டோரிக் என்றுதான் அழைத்தார்கள். அப்போது இலங்கையில் பாதிரியாராக இருந்த ஜேம்ஸ் கார்டினர் 1807-இல் வெளியிட்ட நூலில் அந்த மாளிகையையும் முத்துக்குளிப்பையும் விவரித்திருக்கிறார். ஐயாயிரம் ஆண்டு எங்கே, இருநூற்றுச் சொச்சம் ஆண்டு எங்கே!

ஆகவே என் மாணவனுக்குப் பாதிப் பதில்: அது அல்லி கட்டியது இல்லை.

மீதிப் பாதிதான் முக்கியம். அப்படியானால் மக்கள் ஏன் அதை அல்லியின் கோட்டை என்கிறார்கள்? படிக்காத சனங்கள் ஏதோ உளறினார்கள் என்று தள்ளிவிடலாமா? கூடாது.

அல்லியின் கதை உங்களில் பெரியவர்களுக்குத் தெரியும். இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அல்லி மதுரையை ஆண்ட பாண்டிய குலத்து ராணி. அவள் அரண்மனையில் காவல், படை, மந்திரி எல்லாம் பெண்கள். ஆண் எவனுக்கும் தலைவணங்காதவள். அர்ஜுனன் அவள்மேல் ஆசைப்படுகிறான். நேராக வந்து ஜெயிக்க முடியவில்லை. கண்ணன் பாம்பாட்டியாக வருகிறான், அர்ஜுனன் பாம்பாகிறான். பாம்பாட்டத்தில் மகிழ்ந்து அவள் அந்தப் பாம்பை அந்தப்புரத்தில் வைத்துக்கொள்ள, இரவில் அது மனிதனாகிறது. தூங்குகிறவள் கழுத்தில் தாலி ஏறிவிடுகிறது. இந்தக் கதைப்பாட்டை 'அல்லி அரசாணி மாலை' என்பார்கள், புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிறது. நம் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் இதை 'அல்லி அர்ஜுனா' என்று மேடைக்குக் கொண்டுவந்தார். ஊர் ஊராக விடிய விடிய ஆடிய நாடகம் அது.

வியாசர் பாரதத்தில் அல்லி இல்லை. அங்கே சித்திராங்கதை என்ற அரசகுமாரி வருகிறாள். வில்லிபுத்தூரார் தம் பாரதத்தில் அந்தச் சித்திராங்கதையைப் பாண்டியன் மகளாக்கினார். நாட்டுப்புறம் ஒரு படி மேலே போய், அவளைத் தனியாகவே ஆளும் அல்லியாக்கிவிட்டது.

ஆனால் பாண்டிய நாட்டில் ஒரு பெண் ஆண்டாள் என்ற பேச்சு அதைவிடப் பழையது. கி.மு. 300 வாக்கில் சந்திரகுப்த மௌரியர் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் எழுதியதை ஆரியன் என்ற ஆசிரியர் பிற்காலத்தில் எடுத்து எழுதி வைத்திருக்கிறார். (ஆரியன் என்பது அவர் பெயர், நம் பாடப்புத்தக ஆரியர் இல்லை!) ஹெராக்லிஸ் என்ற வீரனுக்கு இந்தியாவில் பாண்டையா என்று ஒரே மகள். அவளுக்கு ஒரு நாட்டையும், 500 யானைகளையும், 4,000 குதிரைப்படையையும், 1,30,000 காலாட்படையையும் கொடுத்தான். அதோடு கடலில் முத்தைக் கண்டு, உலகத்து முத்தையெல்லாம் மகளுக்கு அணியாகச் சேர்த்தான். இப்படிப் போகிறது கதை. ரோமாபுரியின் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில், இந்தியர்களில் பெண்களால் ஆளப்படும் ஒரே இனம் பாண்டையர் என்று எழுதினார்.

இதெல்லாம் சரித்திரம் என்று நான் சொல்லவில்லை. அந்நிய நாட்டான் கேள்விப்பட்டு எழுதிய கதைதான். ஆனால் பாண்டிய நாடு, ஆளும் பெண், முத்து ஆகிய மூன்றும் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரே நூலில் கோத்திருக்கின்றன என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி எதிர்க்கரைக்குப் போவோம். அவர்களிடமும் ஒரு ராணி இருக்கிறாள். பாலி மொழியில் எழுதிய 'மகாவம்சம்', விஜயன் 700 பேரோடு தம்பபண்ணிக் கரையில் இறங்கியதைச் சொல்கிறது. இறங்கியதும் அவர்கள் கண்ணில் முதலில் பட்டது ஒரு பெட்டை நாய். நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று ஒருவன் அதன் பின்னாலேயே போகிறான். அது நாய் இல்லை, நாய் உருவெடுத்த ஓர் இயக்கி. அவளுடைய தலைவி குவேனி ஒரு மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். போனவன் திரும்பவில்லை. ஒவ்வொருவராக எல்லாரும் அகப்படுகிறார்கள். கடைசியில் விஜயன் அவளை அடக்குகிறான். அவள் பதினாறு வயதுப் பெண்ணாக உருமாறி அவனுக்கு மனைவியாகிறாள், தன் இனத்தாரின் நகரத்தையே அவனுக்குக் காட்டிக்கொடுக்கிறாள். பிறகு விஜயன் மதுரைப் பாண்டியன் மகளை மணந்துகொண்டு அவளைத் துரத்திவிடுகிறான். திரும்பிப் போனவளை அவள் இனத்தாரே கொன்றுவிடுகிறார்கள்.

இந்தத் தம்பபண்ணியை இலங்கையின் வடமேற்குக் கரையில்தான் பலரும் காட்டுவார்கள். அரிப்புக்குத் தெற்கே குதிரைமலை முனை இருக்கிறது. அங்கே அல்லியின் அரண்மனை கடலுக்குள் போய்விட்டது என்று ஒரு பேச்சு. அதை அடுத்த வில்பத்துக் காட்டில் குவேனியின் மாளிகை என்று சில கல் இடிபாடுகளைக் காட்டுகிறார்கள். ஆக ஒரே கரை. தமிழில் கேட்டால் அல்லி, சிங்களத்தில் கேட்டால் குவேனி.

இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஆண் துணையின்றி அதிகாரம் செலுத்தும் பெண். இரண்டிலும் உருமாற்றம், ஒன்றில் பாம்பு, மற்றதில் நாய். இரண்டிலும் கடைசியில் வெளியிலிருந்து வந்த ஆண் அவளை அடக்குகிறான். ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங்கும், இலங்கையில் 500 அரக்கிகள் வாழ்ந்த இரும்பு நகரத்தின் கதையைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்.

இது நம் கடலுக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், கருங்கடலுக்கு வடக்கே நியூரி என்றொரு கூட்டம், ஆண்டுக்கு ஒருமுறை சில நாள் ஓநாயாக மாறிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு எழுதினார். எழுதிவிட்டு, தாம் அதை நம்பவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். பெண்கள் மட்டுமே போர் செய்யும் அமேசான் கூட்டத்தையும் அதே பக்கத்தில்தான் வைத்தார்கள். தெரிந்த உலகம் முடிகிற இடத்தில், ஊர் பேர் தெரியாத ஜனங்களை மனிதர்கள் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்: ஒன்று, அவர்கள் விலங்காவார்கள். அல்லது அங்கே பெண்கள் ஆள்வார்கள். இரண்டுமே அவர்களுக்கு ஒரே அளவு அதிசயமாகவும் பயமாகவும் இருந்திருக்கிறது! இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

சரி, அல்லியின் பெயர் கவர்னர் மாளிகைக்கு எப்படிப் போய் ஒட்டியது?

முத்துச் சலாபத்தைத் தெரிந்துகொண்டால் அது புரியும். முத்துக்குளிக்கும் பருவத்தைச் சலாபம் என்பார்கள். சிலாவத்துறை என்ற பெயரே சலாபத்துறை என்பதிலிருந்து வந்ததுதான். மாசி பங்குனிக் காலத்தில் கடல் அமைதியாகும். பார்களைச் சோதித்து, சிப்பி விளைந்திருக்கிறது என்று தெரிந்தால் அரசு அறிவிப்புச் செய்யும். ஒவ்வோர் ஆண்டும் விளையாது. பல ஆண்டு ஒன்றுமே இருக்காது, திடீரென்று ஓர் ஆண்டு கொட்டும்.

அறிவிப்பு வந்ததும் தூத்துக்குடி, கீழக்கரை, காயல்பட்டினம் என்று நம் கரை முழுவதும் கிளம்பும். பரதவர், முஸ்லிம் மரைக்காயர், அரபு நாட்டிலிருந்து வந்த குளியாளிகள், செட்டியார்கள், கடைக்காரர்கள், மந்திரம் போடுகிறவர்கள், சமையல்காரர்கள் என்று ஆளில்லாத அந்த மணல்வெளியில் சில வாரத்துக்கு ஒரு பட்டணமே முளைக்கும். எல்லாம் ஓலைக்குடிசை. நள்ளிரவில் பீரங்கிச் சத்தம் கேட்டதும், கரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் பாருக்குப் போகும். விடிந்ததும் குளிப்பு. காலில் கல்லைக் கோத்துக்கொண்டு, கழுத்தில் பையோடு கடலடிக்குப் போய், ஒரு நிமிஷம் போல மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்க வேண்டும். மேலே கயிறு பிடிப்பவன் பெரும்பாலும் மச்சானாக இருப்பான் என்று நம் ஊரில் சொல்வார்கள். தன் அக்கா தங்கை தாலிக்காகவாவது அவன் கயிற்றை விடமாட்டானாம்.

சுறாவுக்குப் பயந்து, கடல்கட்டி என்று ஒருவரைக் கரையில் வைத்திருப்பார்கள். அவர் மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவார். இந்த வழக்கத்தை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியாக வந்த மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்காம். மதியம் படகு திரும்பியதும் சிப்பியைக் கொட்டு என்ற அடைப்புக்குள் எண்ணிப் பிரிப்பார்கள். ஆங்கிலேயர் காலத்து இலங்கையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கை மாலையில் ஏலம் விடுவார்கள். சிப்பியை நாள்கணக்கில் அழுகவிட்டுக் கழுவித்தான் முத்து எடுக்க வேண்டும். அந்த நாற்றமும் ஈயும் மைல்கணக்கில் பரவுமாம்.

சலாபம் முடிந்ததும் குடிசையைப் பிரித்துக்கொண்டு எல்லாரும் போய்விடுவார்கள். மிஞ்சுவது சிப்பி மேடும், மேட்டின்மேல் அந்த ஒற்றை மாளிகையும்தான். நார்த் 1805-இல் ஊரைவிட்டே போனார். காலப்போக்கில் மாளிகை பாழடைந்தது. அடுத்த சலாபத்துக்கு, அதற்கடுத்த சலாபத்துக்கு வந்த தலைமுறை என்ன பார்த்திருக்கும்? சுற்றிலும் வேறு கட்டடமே இல்லாத கரையில், தங்கள் நாட்டில் எங்கும் பார்த்திராத வடிவத்தில், இடிந்த தூண்கள். அதைக் கட்டியவர் பெயர் ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கிறது. அவர்களுக்கு அது எட்டாது. அவர்களிடம் இருந்தது அல்லிப் பாட்டு. முத்துக் கடலுக்குப் பக்கத்தில் ஓர் அரண்மனை என்றால் அது முத்து நாட்டு ராணியுடையதாகத்தான் இருக்க வேண்டும். இது என் ஊகம்தான், ஆனால் வழி இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் இதற்கு நேர் எதிரான ஒரு கதை உண்டு. கார்ன்வால் கடலோரத்தில் டின்டாஜல் என்றொரு கோட்டை. ஆர்தர் ராஜா கருவான இடம் என்பார்கள். ஜெப்ரி என்ற பாதிரியார் 1130-களில் அப்படி ஒரு கதை எழுதினார். நூறு ஆண்டு கழித்து 1230-களில் ரிச்சர்டு என்ற பிரபு அந்தக் கதையின் பெருமைக்காகவே அந்தப் பாறையில் கோட்டை கட்டினார். அங்கே கதை முந்தி, கோட்டை பிந்தி. அரிப்பில் கோட்டையும் கதையும் தனித்தனியாக இருந்து, பிறகு சேர்ந்துகொண்டன. சுற்றுலா போகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சரித்திரம் படிப்பவர்கள் எது முந்தி, எது பிந்தி என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விதான் நம் பாடத்தின் உயிர்.

நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறதே. நாயைத் திருப்பித் துரத்திய முயலைக் கண்டு, வீரம் விளையும் மண் இது என்று அங்கே பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கட்டினார்கள் என்பது கதை. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டதும், ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையை 1801-இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கியதும் சரித்திரம். இன்று நாம் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டும் நினைவுக்கோட்டை 1974-இல் தமிழக அரசு கட்டியது. முயல் கதையைச் சொல்லுங்கள், நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் மூன்றையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள். நம் கரையில் ஒரு கோட்டையை மண்ணாக்கிய அதே காலத்தில், அதே ஆங்கிலேயர் எதிர்க்கரையில் முத்தை எண்ண மாளிகை எழுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்ல மூன்று காரணம் உண்டு.

முதல் காரணம், கதையைப் பட்டாவாக மாற்றும் பழக்கம். இணையத்தில் ஒரு சாரார், அல்லி கோட்டை என்பதால் அந்த மண் எங்களுடையது என்கிறார்கள். இன்னொரு சாரார், குவேனி வாழ்ந்த கரை, எங்களுடையது என்கிறார்கள். நடுவில் அங்கே வாழ்கிறவர்களை யாரும் கேட்பதில்லை. அந்தக் கரையில் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் 1990-இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் பல ஆண்டுகள் அகதிகளாக இருந்தவர்கள். கத்தோலிக்க, இந்துக் குடும்பங்களும் போரில் சிதறிப்போனவர்கள். இரண்டாயிரம் ஆண்டு முந்திய ராணியின் பெயரைச் சொல்லி, இன்று வீடு கட்டிக் குடியிருப்பவனைப் பார்த்து நீ யார் என்று கேட்பதற்குச் சரித்திரத்தைக் கருவியாக்கக் கூடாது. பகிரும் பொத்தானை அழுத்துமுன் இதை நினையுங்கள்.

இரண்டாவது, அல்லி. "அல்லி ராஜ்யம்" என்று நம் வீடுகளில் சொல்வோம். மாமியாரும் மருமகளும் கலந்து முடிவெடுக்கும் வீட்டை, மனைவி சம்பளம் வாங்கும் வீட்டை, கேலியாக அப்படிச் சொல்வார்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியையாக ஓர் அம்மா வந்த அன்று, ஆசிரியர் அறையில் முதலில் காதில் விழுந்த வார்த்தையும் அதுதான். சிரித்தவர்களில் நாங்கள் பெண்களும் உண்டு. பெண் ஆள்வதும் மனிதன் ஓநாயாவதும் ஒரே பெட்டியில் வைத்த அதிசயங்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தப் பெட்டி இன்னும் மூடப்படவில்லை. அல்லி கதையில் பாராட்டப்படுவது அர்ஜுனனின் தந்திரம். தூங்குகிறவள் சம்மதம் கேட்காமல் தாலி கட்டியது சாமர்த்தியமாகவே காலங்காலமாகச் சொல்லப்பட்டது. என் மாணவிகளே, உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, இது சரியா என்று கேளுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: கதையில் ஜெயித்தவன் அர்ஜுனன், மாளிகையைக் கட்டியவர் நார்த். ஆனாலும் மக்கள் அந்த இடிபாட்டுக்கு வைத்த பெயர் அல்லி ராணியுடையது.

மூன்றாவது காரணம் நம் ஊர் சம்பந்தப்பட்டது. கோட்டை யாருடையது என்று இத்தனை பேர் சண்டை போடுகிறார்கள். அந்த முத்தை மூச்சை அடக்கி எடுத்தவர்கள் யார் என்று ஒரு காணொளியும் சொல்வதில்லை. 1658-இல் தூத்துக்குடியும் மன்னாரும் ஒரே ஆண்டில் டச்சுக்காரர் கைக்குப் போயின. பிறகு ஆங்கிலேயர். கொடி மாறியது, குளித்தவர்கள் மாறவில்லை. அரிப்புக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் 1905-இல் நடந்த சலாபத்தில் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேலான சிப்பிகளை எடுத்தார்கள். மறு ஆண்டு அங்கே கொட்டை மேற்பார்த்தவர்களில் ஒருவர் லெனார்டு வூல்ப் என்ற இளம் அதிகாரி. அவர் பின்னாளில் பேர்பெற்ற எழுத்தாளரானார், அந்த அனுபவத்தை வைத்துக் கதையும் எழுதினார். வ.உ.சி. நம் துறைமுகத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய அதே 1906-இல், இலங்கை அரசு தன் முத்துப் பார்களை 20 ஆண்டுக்கு லண்டன் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டது. 1907-க்குப் பிறகு சிப்பியே இல்லாமல் போய், கம்பெனி நொடித்தது.

அதிகாரிகள் எழுதினார்கள், பாதிரியார் எழுதினார், கம்பெனி கணக்கு எழுதியது. தண்ணீருக்குள் போனவர்கள் எழுதிய ஒரு பக்கம்கூட என் கண்ணில் பட்டதில்லை. அவர்கள் விட்டுச் சென்றது பேச்சு மட்டும்தான். அல்லி ராணிக் கோட்டை என்ற பெயரும் அந்தப் பேச்சில் ஒன்று.

இந்தப் பேச்சும் இப்போது போய்க்கொண்டிருக்கிறது. ஊரின் பெயர் அரிப்பு, இன்று கடல் அந்த மாளிகைக்குச் செய்வதும் அதுதான். சுவர் சுவராக மேட்டிலிருந்து சரிந்து விழுகிறது. அதை நாம் இங்கிருந்து தடுக்க முடியாது. ஆனால் நம் தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துச் சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவில்லை. அன்று இருபது வயதில் கல்லைக் கட்டிக் குதித்தவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். உங்களில் சிலர் வீட்டுத் திண்ணையில், தெருவில், கோயில் வாசலில் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். காது மந்தம் என்று நாம் ஒதுக்கிவைத்த தாத்தா ஒருவேளை அந்தக் கடைசிச் சலாபத்தில் குளித்தவராக இருக்கலாம்.

ஆகவே என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது. ஓய்வுபெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு இவற்றைக் கேளுங்கள்:

எந்தப் பாரில் குளித்தீர்கள், பார்களின் பெயர் என்ன?
கயிறு பிடித்தது யார், அவருக்கு என்ன பங்கு?
கையில் எவ்வளவு கிடைத்தது, அதை வைத்து என்ன செய்தீர்கள்?
கடல்கட்டியைப் பார்த்திருக்கிறீர்களா?
குளிக்கப் போன ஆள் திரும்பும்வரை வீட்டுப் பெண்கள் என்ன செய்தார்கள்?
எதிர்க்கரைக்கு உங்கள் அப்பா தாத்தா போனதுண்டா, அங்கே என்ன பார்த்ததாகச் சொன்னார்கள்?

கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் கடல் எல்லைக் கோடு போட்டது 1976-இல்தான். அதற்கு முன்னே போய் வந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அல்லி ராணிக் கோட்டை என்ற பெயரை யாராவது சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திருத்த வேண்டாம், எதிர்த்துப் பேச வேண்டாம். எந்த ஆண்டு, யார் சொன்னது என்று மட்டும் பக்கத்தில் குறியுங்கள்.

பதிவுசெய்தவர்கள் எனக்கு அனுப்பி வையுங்கள். நான் எழுத்தாக்கித் தருகிறேன். கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பெரியவர்களின் சம்மதம் கேட்டுவிட்டுப் பதிவுசெய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்